பலகையில் நின்ற டீச்சர்

கூடத்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு வட்ட இடத்தை அவர் தினமும் தம் கையாலேயே துடைப்பார். ஆறு வருடம் ஆட்டுக் கண்காட்சிக் கோப்பை நின்ற இடம் அது. போன வருடம் கோப்பை பால்காரர் வீட்டுக்குப் போனதிலிருந்து அங்கே ஒரு சீப்பைக்கூட யாரும் வைக்க முடியாது.

நேரில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். முதுகுக்குப் பின்னால், கம்பம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் சாயாத முதுகு அது. போன வருடம் நடுவர் ஆட்டின் காலைத் தூக்கி, குளம்பை முகர்ந்து, ஒலிபெருக்கியிலேயே சொன்னார்: "ஆடு நல்ல ஆடு. கொட்டகைதான் ஈரம்." ஆட்டைக் குறை சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். கொட்டகை அவர் தகப்பனார் எழுப்பியது.

அதனால்தான் வீம்பை விழுங்கிக்கொண்டு தச்சரை அழைத்தார். தச்சர் வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. பழைய சுவர்கள் அப்படியே நிற்க, உள்ளே இடுப்பு உயரத்தில் பலகைத் தளம் வந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும், குளம்பு நனையாது. ஏறி இறங்கச் சரிவுப் பாதை. கூரையில் ஒழுகிய தகரங்களும் மாறின.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆடுகள் குடியேறின. பதினொன்று ஏறிய கையோடு படுத்துவிட்டன. பன்னிரண்டாவது மட்டும் நின்றது. அதுதான் போட்டிக்குப் போகிற ஆடு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் கண்ணாடி போட்டதுபோல் இருந்ததால், மகள் அதற்கு வைத்த பெயர் டீச்சர்.

டீச்சர் நான்கு கால்களையும் அளவாக ஊன்றி, தலையை நிமிர்த்தி நின்றது. மறுநாள் காலையிலும் அப்படியே. கீழே இறக்கினால் நாலு வாய் தின்னும், ஆனால் கீழே சேறு. மேலே ஏற்றினால் தழையை மூக்கருகே வைத்தாலும் திரும்பாது. மூன்றாம் நாள் கண்கள் உள்ளே போய்விட்டன.

"என்ன மச்சான் பலகை போட்டிருக்கீங்க? ஆடு பயந்து நிக்குது" என்றார் அவர்.

"என் பலகைக்கு என்ன மாமா குறை? மத்த பதினொண்ணும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளைங்க மாதிரி கால நீட்டிப் படுத்திருக்கு, பாருங்க."

"அதுங்களுக்கு ரோஷம் கிடையாது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அது பயப்படல. போட்டியில நிக்குது."

அவர் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதமாக, தினம் காலையில், முற்றத்தில் பழைய கதவொன்றைக் கிடத்தி, அதன்மேல் டீச்சரை ஏற்றிப் பழக்கியவர் அவரே. பலகையில் கால் பட்டால் நிமிர வேண்டும், தின்னக் கூடாது, மடங்கக் கூடாது. முழங்கால் லேசாக வளைந்தாலே "ம்ஹும்" என்பார். நிற்கச் சொல்லிக் கொடுத்தாரே தவிர, 'போதும், படு' என்று ஒன்றைச் சொல்லிக் கொடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"நிக்கச் சொல்லிக் குடுத்தவங்கதான் படுக்கவும் சொல்லிக் குடுக்கணும்" என்றாள் மனைவி. "நீங்க இப்படி எதிர்ல வெறச்சு நின்னா அது எப்படிங்க படுக்கும்?"

"நான் ஆட்டுக்கொட்டகையில படுக்கணுமா?"

"நான் சொல்லல. டீச்சர் சொல்லுது."

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். சலவை வேட்டியோடு பலகையில் உட்கார்ந்தார். டீச்சர் ஒரு பார்வை பார்த்தது, அசையவில்லை. சுவரில் சாய்ந்தார். காதை மட்டும் ஆட்டியது. வேறு வழியில்லாமல், நாற்பது வருடமாக யார் முன்னாலும் வளையாத அந்த முதுகைப் பலகையில் கிடத்தினார். டீச்சர் முன்னங்கால்களை மடக்கியது, தொப்பென்று விழுந்தது, மோவாயை அவர் வயிற்றின் மேல் வைத்து அசைபோடத் தொடங்கியது.

கதவு திறந்தபோது இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண் விழித்தவர் எழவில்லை. எழுந்தால் அதுவும் எழுந்துவிடும். படுத்தபடியே, கம்பீரம் குறையாமல், "கதவச் சாத்துங்க" என்றார்.

தச்சர் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே ஓடினார். அன்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம் அந்தப் பாடம் நடந்தது. டீச்சரின் வயிறு நிறைந்தது, கண் தெளிந்தது.

கண்காட்சித் திடலில் ஆடுகள் பலகை மேடையில் வரிசையாக நின்றன. எதிரே வளர்த்தவர்களுக்கு நாற்காலி. அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், டீச்சர் தொப்பென்று படுத்தது.

"என்னங்க ஐயா, உங்க ஆட்டுக்குத் தூக்கமா?" என்றார் பக்கத்து நாற்காலிப் பால்காரர்.

அவர் விருட்டென்று எழுந்தார். டீச்சரும் எழுந்தது. அதன் பிறகு அவர் உட்காரவே இல்லை. வெயில் ஏற ஏற மற்றவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள்; கம்பம் மட்டும் நின்றது. நடுவர் வந்து குளம்பைத் தூக்கினார், முகர்ந்தார், விரலால் அழுத்தினார்.

"கல்லு மாதிரி இருக்கு. கொட்டகைய மாத்திட்டீங்களா?"

"என் மச்சான் கட்டினது."

"ஈரம் சுத்தமா இல்லையா?"

பால்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி நடுவர் கையில் இருந்தது. ஐயா அதன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இல்ல. நானே தினம் படுத்துப் பாக்கறேன்."

திடல் முழுவதும் அதிர்ந்தது. நடுவரும் சிரித்துவிட்டார். "ஐயா, நீங்களாவது உக்காருங்களேன்."

"மார்க்கு போட்டு முடிங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேந்தே உக்கார்றோம்."

கோப்பையை மகள் வாங்கினாள். ஏனென்றால் முடிவு சொன்ன மறுகணமே அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துவிட்டார், டீச்சர் மேடையில் படுத்துவிட்டது. இரண்டையும் எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.