ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

மனநல மருத்துவர் ஆனதோடு நின்றிருக்கலாம். நின்றாளா? குழந்தைகள் மனநலத்தில் ஃபெலோஷிப் என்று தனியாக ஒரு மேல்படிப்பு முடித்தால் சொந்த ஊரிலேயே வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லப்போக, ஒரு வருஷம் பெட்டியும் கையுமாக அலைந்தாள். ஆறு மணி நேர ரயில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் செருப்பைத் தேட ஆரம்பித்தால் போதும், ஐந்து வயது மகளுக்கு எங்கிருந்தோ வயிற்றுவலி வந்துவிடும்.

இப்போது ஊர் மருத்துவமனையில் ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் படித்த ஊரிலேயே வேலை. மறுபடியும் ரயில்தான்.

நேர்காணலுக்குப் போனால் பெஞ்சில் நாலு பேர். நாலு பேரிடமும் அதே ஃபெலோஷிப். போதாக்குறைக்குப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு வைத்திருந்தார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த தலைமை மருத்துவர் அம்மா, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார். சொல்ல வேண்டியதுதானே? இவள் அவருடைய சிவந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் புத்தி எங்கே போகும்.

"நேத்து தூங்கலையா மேடம்?"

"எங்கேம்மா தூங்கறது? பையன் மூணு வாரமா ஸ்கூலுக்குப் போகல. வயித்துவலியாம். ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. நடிக்கறான்னு நினைக்கறேன்."

"நடிப்பு இல்ல மேடம். நிஜமாவே வலிக்கும். எந்த நாள் வலிக்கறதில்ல?"

அவர் யோசித்தார். "நான் வீட்ல இருக்கற நாள்." அதற்கப்புறம் பையனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

இப்படியே இருபது நிமிஷம் ஓடிப்போச்சு. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சான்றிதழ் ஃபைல் மடியில் கட்டின கட்டு அவிழாமல் இருந்தது. வெளியே வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேலை கேக்கப் போன இடத்துல ஓசியில வைத்தியம் பார்த்துட்டு வந்திருக்க" என்று கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிங்க. நல்லாக் கோட்டை விட்டுட்டேன்" என்றாள். பெட்டியைத் துடைத்து வாசல் பக்கம் வைத்தாள்.

சனிக்கிழமை போன் வந்தது. தலைமை மருத்துவர்தான். "விண்ணப்பத்தைப் பார்த்தா எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்காங்க. ஆனா நீங்க என்ன படிச்சீங்கன்னு எங்க கண்ணாலயே பார்த்துட்டோம். என்கூட உக்காந்திருந்த ரெண்டு பேரும் உங்களைத்தான் சொன்னாங்க. திங்கட்கிழமை வந்து சேருங்க. பையனைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"உங்க கீழ வேலை பார்க்கப் போற நான் பார்க்கக் கூடாது மேடம். ரெண்டு ஃபெலோஷிப் வச்சிருந்தாரே, அவர்கிட்டக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்கூட்டியே வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை வேலையைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் நம்பினால்தானே? அம்மா பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். செருப்பைத் தேடவில்லை. ரயில் கிளம்பும் நேரமும் தாண்டியது.

மகள் வயிற்றிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு வலி வரவே இல்ல."