அரைமணி நேரம்

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் நடுவழியில் நின்றால் வரும் போனை எடுப்பதும் அவர்தான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். எத்தனை பேர், யாருக்காவது முடியவில்லையா என்றுதான் முதலில் கேட்பார். ஏன் நின்றது, யார் உள்ளே குதித்தது என்ற விசாரணையெல்லாம் ஆளை வெளியே எடுத்த பிறகுதான். நின்ற லிஃப்ட் சுலபத்தில் விழாது. கயிறே அறுந்தாலும் பக்கவாட்டில் ஓடும் இரும்புத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். திட்டு வாங்கிய பயத்தில் கதவை நெம்பி வெளியே தாவுகிறார்களே, ஆபத்து அதில்தான்.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேறு யாரும் இல்லாத தோழியின் வீட்டில், அவள் அண்ணன் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை நானும் அவளும் திறந்தோம். எனக்கு இரண்டு மிடறிலேயே குமட்டியது. அவள் மடமடவென்று குடித்தாள். கொஞ்ச நேரத்தில் மல்லாந்து கிடந்தாள். உலுக்கினேன், கண் திறக்கவில்லை.

போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் அப்பாவின் வேலை நம்பரைச் சுழற்றினேன்.

"அப்பா, நான்தான். நாங்க குடிச்சிட்டோம். இவ எந்திரிக்க மாட்டேங்கிறா."

லிஃப்டில் மாட்டியவர்களிடம் பேசும் அதே வேலைக் குரல். "எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டே பேர்."

"மூச்சு விடறாளா?"

"விடறா."

"ஒருக்களிச்சுப் படுக்க வை. வாந்தி வந்தா தொண்டைல அடைக்காது. பக்கத்தை விட்டு நகராதே. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு வரேன்."

"அம்மாகிட்ட..."

"அதெல்லாம் அப்புறம்."

லிஃப்டே இல்லாத அந்தக் கட்டடத்தில் நாலு மாடியையும் ஓடியே ஏறி வந்தார். சட்டையில் கிரீஸ் வாசனை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தாள்.

மறுநாள் காலை அம்மா ஆரம்பித்தாள். "லிஃப்ட்காரரே, ஆளைத்தான் வெளிய எடுத்தாச்சே, இப்பவாவது கேளுங்க!"

"ஏம்மா குடிச்சே?" என்றார் அப்பா. பதில் வரும்வரை காத்திருந்தார்.

"வேண்டாம்னா அவ பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பா."

"எங்ககிட்ட மட்டும் பயமே இல்லியாக்கும்?" என்றாள் அம்மா.

"இருந்துச்சும்மா. அதான் போன் பண்ண அரைமணி நேரம் ஆச்சு."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அரைமணியில் என்னென்ன நடந்திருக்கலாம் என்பது அவள் முகத்தில் ஓடியது.

"இனி என்ன ஆனாலும் உடனே கூப்பிடு," என்றாள் கடைசியில். "போன்ல ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் வட்டியோட திட்டுவேன். ரெண்டு மாசம் நீ எங்கயும் போகக் கூடாது."

இரண்டு மாதத்தில் ஒரு நாளைக்கூட அம்மா குறைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு, எதற்காகவும், அவளுக்குப் போன் செய்ய நான் தயங்கியதே இல்லை.