மூன்று விரற்கடைப் பெண்

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. எங்கள் குடியிருப்பின் மேல்வீட்டு அக்கா, ஒரு மாலை, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். காய்கறிப் பையோடு ஏறி வந்த எனக்குத் தாண்டிப் போக இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுக்க இரக்கத்தால் உட்கார்ந்தேன் என்று எழுதினால் பொய். கதை எழுதுகிறவளின் இரக்கத்துக்கு எப்போதும் ஒரு காது கூடுதலாக முளைத்திருக்கும்.

"என்னக்கா ஆச்சு?"

"என்னை இத்துனூண்டு பொம்மையாப் பண்ணி ஊரே பாக்க வெச்சுட்டாரு."

எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படி வந்தது: வாழ்க்கை என்பது ஓர் ஈரத் துணி, அதைப் பிழியப் பிழிய...

அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடங்களாக நிஜமான ஈரத் துணியோடு மல்லுக்கட்டுகிறவரிடம் போய் இதைப் படித்துக் காட்ட முடியுமா?

(இன்னொன்று. நேரில் "வாங்கக்கா, உக்காருங்க" என்கிறேன். கதைக்குள் கூட்டி வந்ததும் "அவள்" ஆக்கப்போகிறேன். அனுமதி கேட்டேன். "எழுத்துலதானே, பரவால்ல. அவரையும் 'அவன்'னே போடு, நான் ஆசை தீரப் படிச்சுக்கறேன்" என்றார்.)

2

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆளுயர இயந்திரத்தின் வட்ட வாயிலிருந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஈர விரிப்புகளை இழுத்து எடுப்பது அவள் வேலை. அவன் பத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவன். பணிமனைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, ஓட்டுநர் இருக்கையில் மணிக்கணக்காக உட்கார மட்டும் முடியவில்லை. வீட்டோடு இருந்துவிட்டான்.

ஆறு மாதம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் கம்பியை வளைத்து விரல் உயர மனித வடிவம் செய்து, அதன்மேல் புட்டி பூசத் தொடங்கினான்.

(புட்டி என்றால் நீங்கள் நினைக்கும் புட்டி அல்ல, பொம்மை செய்கிறவர்கள் பிசைந்து பூசும் ஒரு பசைமாவு. "உன் வீட்டுக்காரர் நாள் முழுக்கப் புட்டியோட இருக்காராமே?" என்று சலவைக்கூடத்தில் துக்கம் விசாரித்தார்களாம்.)

மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, இரண்டு பட்டைகள். சம அளவு கிள்ளி, பச்சையாகும்வரை பிசைய வேண்டும். உடனே கை வைத்தால் விரலோடு வந்துவிடும். அரைமணி பொறுத்தால் சொன்னபடி கேட்கும். இரண்டு மணி நேரம் போனால் முறுக்கிக்கொள்ளும். மறுநாள் கல். முகம், பூட்ஸ், தொப்பி எல்லாம் அவனுக்குக் கைவந்தன. துணி மட்டும் வசப்படவில்லை.

வேலை முடிந்து வந்தவள் அவன் செய்த ஒரு சிப்பாய் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இவன் போட்டிருக்கறது சட்டையா, தகரமா?"

"ஊசியால கோடு போட்டிருக்கேனே, மடிப்பு தெரியலையா?"

"கோடு வேற, மடிப்பு வேறங்க. துணி தானா மடியாது. எங்கயோ புடிச்சு இழுக்குது, எங்கயோ தொங்குது. இழுக்கற இடத்தை மொதல்ல கண்டுபுடிங்க. மடிப்பு அங்கேருந்துதான் கெளம்பும்."

தன் முழங்கையை மடக்கிக் காட்டினாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். அன்றிலிருந்து அவன் செய்த சட்டைகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

3

நூலகத்தின் மேல்தளத்தில் சிற்றுருவக் கண்காட்சி. இந்த வருடப் போட்டிக்குத் தலைப்பு "வேலை". அவன் ஒன்றைச் செய்து, அவளுக்குக் காட்டாமலே அனுப்பினான். முதல் பரிசு. "வந்து பாரேன்" என்று மட்டும் சொன்னான். அவள் கூட வேலை பார்க்கும் இருவரை அழைத்துக்கொண்டு போனாள். அதில் ஒருத்தியின் பட்டப்பெயர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று விரற்கடை உயரத்தில் ஒரு பெண். இயந்திர வாயிலிருந்து விரிப்பை இழுக்கிறாள். முதுகு வளைந்திருக்கிறது. தோள்கள் சரிந்திருக்கின்றன. சீருடையின் மடிப்புகள் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒழுகுகின்றன. கீழே அட்டையில்: என் மனைவி.

முன்னால் நின்ற ஒரு பெரியவர், "ஐயோ பாவம், களைப்பு துணியிலயே தெரியுதே" என்றார். ரேடியோ பொம்மையை ஒரு முறை பார்த்தாள், இவளை ஒரு முறை பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

இவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பதக்கத்தோடு ஓரமாக நின்றிருந்தான் அவன். "நல்லா இருக்கு" என்றாள். தனியாகப் பேருந்து ஏறினாள். படியில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

4

முதல் வரைவில் அவனை வில்லனாக்கியிருந்தேன். "பெண்டாட்டியின் களைப்பைக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன்" என்று ஒரு வரி. நல்ல வரி. மூன்று நாள் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவிடமே விசாரித்ததில், தினமும் அவள் வந்ததும் வெந்நீர் பையை முதுகில் வைத்து ஒத்தடம் கொடுப்பவன் அவன்தான் என்று தெரிந்தது. அந்த முதுகை அவனுக்குக் கையாலேயே தெரியும். வரி போயிற்று. எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அன்று அவள் படியிலிருந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பின்னாலேயே அவனும் வந்து சேர்ந்தான்.

"என்ன தப்பு பண்ணிட்டேன்? தினம் சாயங்காலம் பாக்குறேன். பாத்ததைத்தானே செஞ்சேன்?"

"சாயங்காலம் பாத்தீங்க. அதைக் கொண்டுபோய் எதுக்குக் காலையில ஒட்டுனீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. அவள் விறுவிறுவென்று குளியலறைக்குப் போய், கட்டில் விரிப்புகள் மூன்றை ஊறவைத்து முறுக்கி, பெரிய வாளியோடு இழுத்து வந்து கூடத்தில் வைத்தாள்.

"இழுங்க, பாப்போம்."

அவன் குனிந்து இழுத்தான். துணி ஒரு சாண் வந்தது. இடுப்பில் சுரீரென்றது.

"நீங்க செஞ்ச பொம்மை இப்படித்தான் இழுக்குது. இப்படி இழுத்தா ஒரே வாரத்துல ஆளு காலி. தள்ளுங்க."

வாளியின் மேல் வலது காலை ஊன்றினாள். முதுகை நிமிர்த்தினாள். நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்தாள். சளாரென்று மொத்த விரிப்பும் வெளியே வந்தது. சுவரிலும் சாப்பாட்டு மேசையிலும் அவன் வண்ணக் குப்பிகளிலும் தண்ணீர்.

"கையால இழுக்கறதில்லங்க. காலால. என்னைவிடப் பாதி வயசுப் பொண்ணுங்க என்கிட்ட வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவன் அவளை வேலையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. நனைந்த வண்ணக் குப்பிகளை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னொரு தடவை இழுக்கறியா? அக்குள்கிட்ட துணி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்" என்றான்.

அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் நான்கு தடவை இழுத்தாள்.

(என் வீடு அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே. கூரையில் ஓர் ஈரத் திட்டு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம்.)

5

அடுத்த வாரம் மேற்பார்வையாளரிடம் கேட்டு, சலவைக்கூடத்தின் வாசலில் பத்து நிமிடம் நின்றான். நீராவி, இரைச்சல். "ஏய், உன் வீட்டுக்காரர் அளவெடுக்க வந்திருக்காரு!" என்று ரேடியோ பழையபடி அலறினாள். அவள் திரும்பவில்லை. இழுத்தாள். அவன் பார்த்தான்.

மூன்று வாரத்தில் புது உருவம் தயார். கால் ஊன்றி, பின்னால் சாய்ந்து, இடுப்பில் துணி விறைத்து, அக்குளிலிருந்து மடிப்புகள் விசிறியாகப் பிரிய ஒரு பெண்.

அப்படியானால் பழையது? இங்கே நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவன் அதைச் சுத்தியலால் உடைக்கிறான். அவள் மன்னிக்கிறாள். அவர்கள்...

ஆ) அவள் அதைக் குப்பையில் போடுகிறாள். அவன் அதை எடுத்து நெஞ்சோடு...

இரண்டிலும் பின்னணி இசை கேட்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

"இதை ஒடைச்சுடவா?" என்றுதான் அவனும் கேட்டான். அவள் பழைய பொம்மையை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"எதுக்கு? இவளும் நான்தான். ஆனா இவளுக்கு ஷிஃப்ட் முடிஞ்சுபோச்சு. கையில இருக்கற ஷீட்டை வாங்கிட்டுப் பையைக் குடுங்க."

பரிசு பெற்ற உருவம் அடுத்த மாதம் தேசியக் கண்காட்சிக்குப் போக வேண்டியது. தெரிந்தேதான் அதில் ரம்பம் வைத்தான். விரிப்பை அறுத்து எடுத்தான். கைகளைக் கம்பியோடு திருப்பினான். தோளில் புட்டியால் ஒரு பை மாட்டினான்.

"பையோட வாரை இன்னும் அழுத்துங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து. "டப்பா, தண்ணி பாட்டில், குடை, எல்லாம் இருக்குல்ல உள்ள. கனக்கும்."

அழுத்தினான். தோள் சரிவுக்கு இப்போது ஒரு காரணம் இருந்தது.

6

"மாற்றிய உருவத்துக்குப் பரிசு செல்லாது. விருப்பமிருந்தால் இரண்டையும் சேர்த்துப் புதிய பதிவாக அனுப்பலாம்" என்று கண்காட்சிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பதக்கத்தைத் திருப்பி அனுப்பினான். அன்று மாலை அவன் புட்டியைத் தொடவேயில்லை என்று அக்கா சொன்னார்.

நேற்று இருவரும் படிவத்தோடு என் வீட்டுக்கு இறங்கி வந்தார்கள். ஒரு வரி நிரப்ப வேண்டியிருந்தது. "நீதான் எழுதறவளாச்சே, ஒரு பேரு வெச்சுக் குடு."

"உழைப்பு?" என்றேன்.

"பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கு," என்றார் அக்கா.

"காலையும் மாலையும்?"

"பஸ் டைம் டேபிள்," என்றார் ஓட்டுநர்.

மூவரும் சிரித்தோம். அக்கா இரண்டு பெண்களையும் என் மேசைமேல் ஒரு சாண் இடைவெளியில் வைத்தார். "இதுவும் நான், இதுவும் நான். ரெண்டுக்கும் நடுவுல எட்டு மணி நேரம் இருக்கு. அதுக்கு என்ன பேரு?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை பக்கம் எழுதிய பிறகும் தெரியவில்லை. படிவம் என் மேசையில் இருக்கிறது. நாளை மதியத்துக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். அக்கா படிப்பார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உருவங்களின் தலைப்பு: ......................................