பிரபுவுக்குப் பன்னீர்

தங்கவயலில் முன்னேற்றம் எப்போதும் கீழ்நோக்கித்தான் நடந்தது. வருஷத்துக்கு வருஷம் சுரங்கம் ஆழமாயிற்று. ஆழம் கூடக் கூடச் சூடு கூடிற்று. சூடு கூடக் கூட, கம்பெனியின் சூப்பிரண்டெண்டு ட்ரெவின் துரை லண்டனுக்கு எழுதும் அறிக்கையில் உற்சாகம் கூடிற்று. எங்கோ காவிரியில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே காடு மலை தாண்டி வந்து துரைமார் பங்களாக்களில் விளக்கெரித்தது. பூமிக்குள் இறங்குகிறவர்கள் மட்டும் தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு போனார்கள்.

பொன்னுரங்கம் மேஸ்திரிக்குச் சூட்டைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. அடுப்புக்குள் வேலை செய்தால் சுடத்தான் செய்யும். அடுப்பிலிருந்து எடுத்து நேரே குளத்தில் போடுகிறார்களே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து, வேர்வை சொட்டச் சொட்டக் கூண்டில் மேலே வந்தால், விடியற்காலைப் பனியில் கோவணத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். வாய், தலைமுடி, கால்விரல் இடுக்கு என்று காவல்காரர்கள் ஒவ்வொன்றாகத் தங்கம் தேடுவார்கள். அந்தச் சோதனை முற்றத்துக்குக் கூரை கிடையாது, சுவரும் கிடையாது. மார்கழிக் காற்று மட்டும் தாராளமாக உண்டு.

போன மார்கழியில் அந்தக் காற்று பொன்னுரங்கத்தின் நெஞ்சில் இறங்கிவிட்டது. பிழைத்ததே மனைவி தெய்வானையின் ஒத்தடத்தாலும் கஷாயத்தாலும்தான். அவர் எழுந்து உட்கார்ந்த அன்றே அவள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு வாட்டி சளி கட்டிக்கினு வந்து படுத்தியானா, இந்தக் கம்பளியிலயே மூட்டய கட்டிக்கினு ஆம்பூருக்குப் போய்க்கினே இருப்பேன். நீ வந்தா வா. வரலன்னா அந்தக் கூண்டோடவே குடும்பம் நடத்து."

தெய்வானை வெறும் பேச்சுக்குச் சொல்லுகிறவள் அல்ல. சொந்த ஊரான ஆம்பூர்ப் பக்கம் என்றால், பண்ணையார் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே என்ன குறை இருந்தாலும், செருப்புக் காலோடு கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் "மேஸ்திரி" என்கிறார்கள். அதை விட்டுப் போக அவருக்கு மனசில்லை. அவளை விட்டு இருக்கவும் முடியாது. மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: முற்றத்துக்கு ஒரு கொட்டகை.

ஆபீஸ் ரைட்டர் வரதராஜலு மூலமாக வருஷம் பூராவும் கேட்டுப் பார்த்தார். கூரை போட்டால் நிழல் விழும், நிழலில் திருடுவார்கள் என்று ஒரு பதில் வந்தது. அடுத்த பதில் இன்னும் விஞ்ஞானமாக இருந்தது.

"காத்து ஒடம்புக்கு நல்லதாம் மேஸ்திரி. அவங்க ஊர்ல காசு குடுத்துக் கடலோரம் போயி வாங்கறாங்களாம், தொரை சொல்றாரு," என்றார் ரைட்டர்.

"அப்போ இத்த மூட்ட கட்டி அங்கயே ஏத்துமதி பண்ணச் சொல்லுங்க ரைட்டரே. தங்கத்தவிட லாபம் வரும்."

மறுபடியும் மார்கழி வந்தது. கூடவே, கம்பெனியின் பெரிய முதலாளிகளில் ஒருவரான ஆஷ்வெல் பிரபு லண்டனிலிருந்து வரப்போகிறார் என்ற செய்தியும் வந்தது. ட்ரெவின் துரைக்குத் தலைகால் புரியவில்லை. பாதையோரக் கல், மரம், கம்பம் என்று அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்கச் சொன்னார். கழுதைகள் உஷாராக நடமாடிக்கொண்டிருந்தன.

பகல் முழுதும் டென்னிசும் விருந்தும் இருந்ததால், சுரங்கத்தை விடியலுக்குள் காட்டி முடித்துவிடுவது என்று ஏற்பாடு. பிரபு மேலே வந்ததும், சுரங்கத்துக்குள் போட்டுப்போன வேலைக்காரர் உடுப்போடேயே சோதனை முற்றத்தில் நிறுத்தி ஒரு போட்டோ. லண்டன் பங்குதாரர்கள் பார்த்துப் பூரிக்க வேண்டுமாம். வேலையாட்கள் சார்பில் சுதேச முறைப்படி வரவேற்பு. அது பொன்னுரங்கத்தின் பொறுப்பு.

சாயங்காலம் களி கிண்டிக்கொண்டே தெய்வானை விசாரித்தாள்.

"அந்தக் காத்துல அவர எம்மா நேரம் நிக்க வெப்பாங்க?"

"போட்டோ புடிக்கற நேரந்தான்."

"அவ்ளோதானா? அம்மாந்தூரம் கப்பலேறி வந்த மனுசனுக்கு மால மரியாத கெடையாதா? ஒவ்வொரு ஊர்க்காரனும் செய்ய வாணாமா? பன்னீர் தெளிக்க வாணாமா?"

பொன்னுரங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். அது களியைத் தவிர வேறெதையும் நினைக்காத முகமாக இருந்தது.

மறுநாளே அவர் எல்லா மேஸ்திரிகளையும் பார்த்தார். தங்கவயலில் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு ஊர்ப் பக்கத்து ஆட்கள். குடியாத்தம் மாலை போட்டால் சித்தூர் சும்மா இருக்காது; சித்தூர் பன்னீர் தெளித்தால் வேலூர் இரண்டு சொம்பு தெளிக்கும். ஒருவரை விட்டாலும் அடிதடி. இந்த வழக்கத்தை ரைட்டர் விளக்கியபோது ட்ரெவின் துரை பெருமிதத்தில் விம்மினார். எத்தனை மாலையோ அத்தனை பேர் தன் நிர்வாகத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று பிரபுவே எண்ணிக்கொள்வார் அல்லவா? ஒரு மாலையும் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

குறித்த நாள் விடியலில் பிரபு அடி மட்டம்வரை இறங்கிவிட்டு மேலே வந்தார். வாட்டிய தக்காளி மாதிரி இருந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வரும். சேவகன் கம்பளிக் கோட்டை நீட்ட, ட்ரெவின் துரை அதைக் கையால் ஒதுக்கினார். போட்டோவுக்கு வேலைக்கார உடுப்புதான் அழகு. பனிக்குள்ளிருந்து காற்று புறப்பட்டு வந்தது.

முதலில் குடியாத்தம். வாடாமலிருக்க ராத்திரி பூராவும் தண்ணீரில் கிடந்த சாமந்தி மாலை கழுத்தில் விழுந்தது. பிரபுவின் முதுகோடு ஒரு வாய்க்கால் ஓடிற்று. பிறகு சந்தனம், பிறகு பன்னீர். பிரபு புன்னகை செய்தார். அடுத்துச் சித்தூர். அடுத்து வேலூர், சொன்னபடி இரண்டு சொம்பு. புன்னகை மெல்லப் பல் தந்தியடிக்கும் சத்தமாக மாறிற்று. இடையில் ட்ரெவின் துரை ஒரு நீளமான தாளை விரித்து, தங்கவயல் தொழிலாளியின் பொறாமைப்படத்தக்க ஆரோக்கியம் பற்றி வாசிக்க ஆரம்பித்தார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து போட்டோக்காரர் தலையை நீட்டி, பிரபு அவர்கள் நடுங்குவதால் படம் கலங்குகிறது, தயவுசெய்து அசையாமல் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பிரபுவின் உதடு நீலம் பாரித்ததைப் பொன்னுரங்கம் பார்த்தார். போன வருஷம் தன் உதடும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஐந்தாறு ஊர் பாக்கி. எல்லாரையும் கையமர்த்தி நிறுத்திவிட்டு அவரே முன்னால் போனார்.

அப்போதுதான் பிரபு, பின்னால் கோவணத்தோடு வரிசையில் நின்ற ராத்திரி ஷிப்டைக் கவனித்தார். இவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று கேட்டார். பழக்கம்தான், உடம்புக்கு நல்லது என்றார் ட்ரெவின் துரை. பிரபு அவருக்குப் பதிலாக ஒரு தும்மலைக் கொடுத்துவிட்டு, மேஸ்திரியைக் கேள் என்று ரைட்டருக்குச் சைகை காட்டினார்.

பொன்னுரங்கம் கும்பிட்டார். "உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள் மரியாத சாமி. எங்களுக்குத் தெனமும் இதே மரியாததான். பன்னீர் மட்டும் கெடையாது."

வேறொரு நாளாயிருந்தால் ரைட்டர் இதைப் பாதியாக வெட்டி, மீதியில் சர்க்கரை தடவியிருப்பார். ஆனால் அவரும் மெல்லிய அல்பாக்கா கோட்டில் அரைமணியாய் அதே காற்றில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

பிரபுவுக்குப் பேசப் பல் ஒத்துழைக்கவில்லை. பொன்னுரங்கம் தன் தோளிலிருந்த கறுப்புக் கம்பளியை எடுத்து, ஆம்பூர்க் கூட்டத்தின் மரியாதையாக அவருக்குப் போர்த்தினார். பிரபு அதை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கிக்கொண்டார். போட்டோவுக்காக அதை எடுத்துவிடலாமா என்று ட்ரெவின் துரை குனிந்து கேட்டதற்குக் கிடைத்த இங்கிலீஷ் பதிலை மட்டும் ரைட்டர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். அதற்கடுத்து வந்ததைச் சத்தமாகவே சொன்னார்: கூரை, சுவர், உள்ளே கணப்பு, வெந்நீர்; பொங்கலுக்குள்.

கொட்டகை பொங்கலுக்கு முன்பே எழுந்தது. தொழிலாளர் நலனில் நெடுநாள் அக்கறை கொண்ட ட்ரெவின் துரையின் பெருமுயற்சியால் கட்டப்பட்டது என்று வாசலில் கல் வைத்தார்கள். தங்கவயலில் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது தும்மல் கொட்டகைதான். கால்விரல் இடுக்கில் தங்கம் தேடுவது நிற்கவில்லை. கணப்புப் பக்கத்தில் தேடினார்கள், அவ்வளவுதான்.

கொட்டகை திறந்த அன்று பொன்னுரங்கம் தலை துவட்டி, உலர்ந்த வேட்டியோடு வீடு வந்து சேர்ந்தார். தெய்வானை அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். எழுந்து மூலையைத் தேடினாள்.

"என் கம்பளி எங்கய்யா? அன்னிக்குப் போத்திக்கினு போனியே."

"அது லண்டனுக்குப் போயிடுச்சுமே. பிரபு திருப்பித் தரல."

தெய்வானை அடுப்படிக்குப் போய்த் திரும்பினாள்.

"அப்போ மூட்ட கட்டறதுக்குத் துணி இல்ல," என்று களிச் சட்டியை அவர் முன்னால் வைத்தாள். "ஆம்பூருக்கு அப்புறம் பாத்துக்கலாம். துண்ணு."