ஏன் கேட்கும் வகுப்பு

பள்ளியை நிர்வகிக்கும் கரஸ்பாண்டன்ட் ரகுநாதன் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் வனஜா மிஸ் கையிலெடுத்த சாக்பீஸைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, நீதிபோதனை. அம்பத்தூரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பீரியடை மதித்தார்கள்? கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் பிள்ளைகள் மைதானத்தில் புல் பிடுங்குவார்கள். இந்த மனுஷருக்கு இன்று இங்கே என்ன வேலை?

வேலை இருந்தது. எண்பத்து நாலிலிருந்து நாலு வருஷமாகத் தற்காலிகமாகவே ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு நிரந்தர உத்தரவு தயாராகி, அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. காலையில்தான் தலைமையாசிரியர் வீரராகவன் கூப்பிட்டு, "புள்ளைங்கள சாமி இருக்கா இல்லையான்னு பேச விட்டீங்களாமே. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க. கரஸ்பாண்டன்ட் நேர்ல வந்து பாக்கப்போறார். இன்னைக்கு ஒரு நாள் புக்க மட்டும் படிங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா முனியம்மா நிமிரவே இல்லை.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் 'ஏன்' என்று கேட்கலாம். கேட்டால் கோபப்படக் கூடாது. காரணம் சொல்ல வேண்டும், இல்லையா, 'தெரியல' என்று ஒப்புக்கொண்டு உட்கார வேண்டும். மிஸ்ஸுக்கும் அதே சட்டம்தான். ஜூன் மாதம் வாயைத் திறக்கவே பயந்த பிள்ளைகள், தீபாவளிக்குள் அவளையே மூன்று தடவை 'தெரியல' என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

இன்று புத்தகத்தைப் பிரித்துப் படித்தாள். 'பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது.' யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் நாக்குப் புரளாது. நாற்பது பிள்ளைகளும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். பாடம் முடிந்தபோது மணி அடிக்க இன்னும் ஏழெட்டு நிமிஷம் இருந்தது.

ரகுநாதன் எழுந்தார். முகத்தில் திருப்திதான். "நல்ல புள்ளைங்க" என்றார். "மிஸ் எப்பவும் இப்படித்தான் புக்க வெச்சு நடத்துவாங்களா?"

முன்வரிசையில் பொன்னியம்மா எழுந்தாள். ஆயா முனியம்மாவின் மகள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா அவள் காதில் என்ன போட்டிருப்பாள் என்பது வனஜாவுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

"ஆமா சார்" என்றாள் பொன்னியம்மா. "எப்பவும் இப்டித்தான். புக்குதான் பட்ச்சிக்கினு இருப்போம்."

"ஏன்?"

பின்னாலிருந்து உத்தமனின் குரல். குறும்பு இல்லை, பழக்கதோஷம். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ரகுநாதன் திரும்பினார். "என்ன ஏன்?"

பொன்னியம்மா நின்றுகொண்டே இருந்தாள். சட்டப்படி காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் மிஸ்ஸுக்கு வேலை போய்விடும். 'தெரியல' என்று உட்காரவும் முடியாது, அவளுக்குத்தான் தெரியுமே. உதட்டைக் கடித்துக்கொண்டு வனஜாவையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

பாவி, ஒரு குழந்தையைப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று வனஜாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்னும் ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும் என்றும் அதே மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீ உக்காரு பொன்னியம்மா" என்றாள். "அந்தக் கேள்வி எனக்கு."

பொன்னியம்மா வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். ரகுநாதன் கைகளைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் பக்கம் திரும்பினார்கள். யோசிக்கிறவரை அவசரப்படுத்தக் கூடாது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். நாற்பது பேரும் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள்.