கத்துகிற அளவுக்கு மூச்சு

அறுவை மருத்துவரான அந்த அம்மாவுக்குத் தன் வேகத்தில் ஒரு கர்வம் உண்டு. இதயத்தை நிறுத்தி, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுப் புதியதைத் தைத்து, மறுபடி ஓடவிடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதயம் நின்றிருக்கும் நேரத்தை அவ்வப்போது உரக்கச் சொல்வார் மயக்க மருத்துவர். அவர் இவருடைய கணவர். வீட்டில் வாயே திறக்காத மனுஷன் இங்கே மட்டும் மனைவியை விரட்டுகிறார் என்று நர்ஸுகளுக்குள் ஒரு கேலி.

அன்று மேஜையில் இருந்தவர் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் டீச்சர். வாட்டசாட்டமான உடம்பு. முந்தின நாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உயிரோட இருக்கற அளவுக்கு மட்டும் மூச்சு இருந்தா பத்தாது டாக்டர். குளத்தோட அந்தக் கோடி வரைக்கும் கத்தணும். பசங்க வேற எதுக்கும் அடங்க மாட்டாங்க."

பழைய வால்வை வெட்டி எடுத்தபின் டாக்டரம்மா அளவுகோலை விட்டுப் பார்த்தார். அந்த உடம்புக்கு வேண்டிய அளவு நுழையவே இல்லை. அவ்வளவு பெரிய ஆளுக்கு, வால்வு உட்காரும் வளையம் இத்தனூண்டு. அடுத்த சின்ன அளவு அலுங்காமல் உட்கார்ந்தது. அதையே தைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆளும் பிழைத்துக்கொள்வார். ஆனால் நாலு படி ஏறினாலே இரைக்கும், கத்துவதாவது ஒன்றாவது. பெரியதை வைக்க வேண்டுமானால் வளையத்தையே கீறி, ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்து அகலமாக்க வேண்டும். நேரம் இழுக்கும். தையல் கசிந்தால் அது பின்பக்கம், கை எட்டாத இடம். உயிருக்கே உலை வைத்துவிடும்.

சின்னதைக் கொண்டுவரச் சொல்ல வாயெடுத்தார். பயமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் வேகம் என்று பீற்றிக்கொண்டதில் பாதி இந்தப் பயம்தானோ என்று தோன்றியதும் வெட்கமாகிவிட்டது. நேரம் என்ன என்று கணவரைக் கேட்டார்.

"அதை நான் பாத்துக்கறேன். நீ தை."

இந்த அறைக்குள் மனைவியை ஒருநாளும் 'நீ' என்று சொல்லாதவர். யாரும் நிமிரவில்லை. டாக்டரம்மா கத்தியைக் கேட்டு வாங்கினார்.

எல்லாம் தைத்து முடித்து ஓடவிட்டபோது இதயம் முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு வழிக்கு வந்தது. தையலில் துணியை வைத்து ஒற்றி எடுத்தார். கறையில்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஒற்றினார்.

சில மாதங்கள் கழித்து டீச்சர் பரிசோதனைக்கு வந்து நடைபாதையில் காத்திருந்தார். யார் வீட்டுப் பிள்ளைகளோ இரண்டு, ஈரத் தரையில் துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன.

"ஓடக் கூடாது!"

பிள்ளைகள் நின்றன. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் நின்றார். மறுகோடியில், எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் போகிற டாக்டரம்மாவும் அப்படியே நின்றுவிட்டார்.