ஓர இருட்டு

பதினேழாவது சூப்புக் கிண்ணத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நாரே திரும்பியபோது, வாசலில் இன்னும் ஆறு பேர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய ஆபீஸ் ஆட்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளை பார்த்துத்தான் வந்திருந்தார்கள்.

அப்பா போய் ஒரு நாள் முடிந்துவிட்டது. சுவோன் நகர ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே இருக்கும் சாவு மண்டபத்தில் மூன்றாம் எண் அறை கிடைத்திருந்தது. நாளைக் காலையில் தகனம். அதுவரைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டுக்கறி சூப்பும் சோறும் சோஜு சாராயமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செத்தவர் ஒரேயடியாகப் படுத்துவிட்டார். இருக்கிறவர்களுக்கு உட்காரக்கூட நேரமில்லை. தம்பி தோகியோம் கறுப்புக் கோட்டும் கையில் துக்கப் பட்டையுமாக அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவருக்கும் குனிந்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா சுவரோரமாக உட்கார்ந்து, யார் வந்து கையைப் பிடித்தாலும் ஒன்றையே சொன்னாள்.

"ஒரே வீடு. ஒரே மேசை. முப்பத்தாறு வருஷம். நான் என்னத்தைப் பார்த்தேன்?"

முந்தாநாள் அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட கேள்விதான் இதற்கெல்லாம் காரணம். "கை நடுக்கம் எப்போ ஆரம்பிச்சுது?" என்றார். "நடுக்கமா? அவருக்கு அதெல்லாம் கிடையாதே" என்றாள் அம்மா. "கல்லீரல் இந்த அளவுக்குக் கெட்டிருந்தா பல மாசமாவே இருந்திருக்கும்மா. அப்பவே கவனிச்சிருந்தா..." என்று இழுத்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முழுசாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்த மிச்ச வாக்கியத்தை அம்மா இரண்டு நாளாகத் தானே சொல்லி முடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கேட்ட அந்த நொடியிலேயே நாரேக்கு மார்ச் மாதம் ஞாபகம் வந்துவிட்டது. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கைப்பேசிக் கேமராக்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு ஓர இருட்டைத் திருத்துகிற வேலை. எந்த லென்ஸும் நடுவில் வெளிச்சமாகவும் ஓரத்தில் மங்கலாகவும்தான் படம் தரும். எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் கூட்ட வேண்டும் என்று ஓர் அட்டவணை போட்டு அதைச் சமப்படுத்துவார்கள். கை ஆடினால் படம் கலங்காமலிருக்க லென்ஸ் தானாகவே நகர்ந்து கொடுக்கிற கேமராவில்தான் வம்பு. லென்ஸ் நகர்ந்துவிடும், அட்டவணை நகராது. இடப்பக்கம் கூட்ட வேண்டிய வெளிச்சத்தை வலப்பக்கம் கொட்டி வைக்கும். படம் அசையாமல் நிற்கும். ஓரத்தில் மட்டும் ஒரு நிழல் விழும்.

பிப்ரவரி கடைசியில், இன்னும் விற்பனைக்கு வராத போன் ஒன்றை ஆபீஸில் சொல்லிவிட்டு வாங்கி வந்து, "கண்டதையும் எடுங்கப்பா" என்று அப்பாவிடம் கொடுத்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பொழுது போகாமல் கிடந்தவர். ஒரே மாதத்தில் நானூற்றுச் சொச்சம் படம் எடுத்துத் தள்ளினார். எல்லாம் தெளிவு. ஆனால் நிழல் ஒரு படத்தில் இடமும் மறு படத்தில் வலமுமாகத் தாவியது. நாரே மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, லென்ஸ் போகிற பக்கமெல்லாம் அட்டவணையும் கூடவே போகும்படி புரோகிராம் எழுதினாள். நிழல் ஒழிந்தது. ஆபீஸில் கைதட்டினார்கள். லென்ஸ் எதற்காக அவ்வளவு தூரம் ஓடியது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

இப்போது டீம் லீடர் பாங் மூன்று கிளாஸ் சோஜுவை உள்ளே தள்ளிவிட்டு, நல்லது சொல்கிற நினைப்பில் அம்மாவின் முன்னால் வந்து மண்டியிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்களுக்குச் செஞ்சது சாதாரண உதவி இல்லீங்க."

"அவரா? பஸ் ஓட்டினவருங்க அவரு."

"அவர் எடுத்த போட்டோவாலதாங்க எங்க தப்பே தெரிஞ்சுது. போனை ஆட்டிப் பாக்கறதுக்குன்னே எங்ககிட்ட ஒரு மிஷின் இருக்கு. அது எவ்ளோ ஆட்டியும் தெரியாத தப்பு! மனுஷக் கையா, மசாலா அரைக்கிற மிஷினான்னு நாங்கல்லாம் சிரிச்சோம்னா பாத்துக்கோங்க."

பக்கத்திலிருந்த பெண் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். "சார், சூப்பு ஆறுது. வாங்க."

"இரும்மா, நான் நல்ல விஷயம்தானே..."

"ஆடுச்சா?" என்றாள் அம்மா.

பாங்குக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "இல்லீங்க... எல்லாருக்கும் கொஞ்சம் ஆடும்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, இருமுறை குனிந்து வணங்கிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அம்மா மகளைப் பார்த்தாள். சார் குடித்துவிட்டு உளறுகிறார் என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாரேயின் நுனிநாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். அம்மா சாகிறவரைக்கும் அந்தச் சுவரோரத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நாரே தட்டைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு நாளில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

"ஆடுச்சும்மா. மார்ச்லயே."

"போட்டோல தெரியுமா அது?"

"எங்க வேலையில இருக்கிறவங்களுக்குத் தெரியும். நீ பாத்திருக்க முடியாதும்மா. நான் டாக்டரைத் தனியாக் கேட்டேன். கையை முன்னாடி நீட்டிப் பிடிச்சாத்தான் இந்த நடுக்கம் வருமாம். சாப்பிடறப்போ, பேப்பர் படிக்கிறப்போல்லாம் தெரியாதாம். வீட்டுல யாரு கையை நீட்டிக்கிட்டு நிக்கறா? போட்டோ எடுக்கிறப்போ மட்டும்தான்."

"அப்போ நீ பாத்தே."

"பாத்தேன். நானூறு தடவை பாத்தேன். நான் போட்ட கணக்குல தப்புன்னு நினைச்சேன்." அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "சரி பண்ணிட்டேன்."

பக்கத்து மேசையில் யாரோ கிம்ச்சி கேட்டார்கள். தோகியோம் மறுபடியும் குனிந்தான். திட்டுவாள், அடிப்பாள், எதையாவது செய்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று நாரே காத்திருந்தாள்.

"ஒண்ணைக் காட்டு" என்றாள் அம்மா.

நாரே போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். சந்தைச் சந்தில், ஒரு கட்டு வெங்காயத்தாளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அம்மா முகத்தைச் சுளித்தபடி நிற்கிற படம். ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தெரிந்தது. இடது ஓரத்தில் மட்டும் வெயில் கொஞ்சம் கம்மி.

"எவ்ளோ தெளிவா இருக்கு" என்றாள் அம்மா. "சீக்கிரம் எடுங்க, கனக்குதுன்னு அன்னிக்குக் கத்தினேன். பொறு பொறுன்னாரு. பிடிக்கத் தெரியாம பிடிச்சுக்கிட்டு என்னை நிக்க வெக்கறாருன்னு நினைச்சேன்."

அவள் குரல் உடைந்தது. நாரேயும் அழுதாள். முந்தாநாளிலிருந்து வராத அழுகை, சூப்பு வாசனைக்கும் சோஜு வாசனைக்கும் நடுவில், மூக்கு ஒழுக வந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி பாங் தன் கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியப்பாவும் கல்லீரல்லதான் போனாரு."

"ஆமாம்மா."

"உங்க தாத்தாவும்."

"ஆமா. எதுக்கு இப்போ..."

"கையை நீட்டு."

"அம்மா, ஆளுங்க வர்றாங்க. அடுப்படியில சோறு எடுத்து வைக்கணும்."

"வரட்டும். நீட்டுடி."

நாரே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். தட்டுத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கியிருந்தது. சட்டை நுனியில் சூப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலில் புதிதாக நாலு பேர் வந்து நின்றார்கள். தோகியோம் "அக்கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். விரல்கள் ஆடிவிடக் கூடாதே என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுமாம்மா?"

"இரு" என்றாள் அம்மா. கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னும் கிட்டே குனிந்தாள்.